பாதி ஷட்டருக்குக் கீழே தெரிந்த கால்கள்

கடைத்தெருச் சங்கத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, தள்ளுவண்டியில் தொடங்கித் தனிக்கடை கண்ட பெரியோர்களே, பிள்ளை வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசி பார்க்கும் தம்பிமார்களே, அனைவர்க்கும் வணக்கம்.

'போதையை விரட்டுவோம்' என்று எல்லோர் சட்டையிலும் ஒரு பேட்ஜ். எனக்கும் குத்த வந்தார்கள். வேண்டாம் என்றேன். ஏன்? நான் செருப்பு விற்பவன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நம் தெரு மருந்துக்கடைக்காரர், "சீட்டு எங்கே?" என்று கேட்டுக் கேட்டே 'சீட்டு வாத்தியார்' என்று பெயர் வாங்கியவர். மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை ஒன்றுகூடத் தரமாட்டார். அவரைக் கிண்டலடித்தோம். தண்ணீர் கேட்டாலும் சீட்டு கேட்பார் என்று சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்று வாரங்களுக்கு முன், மாலை ஐந்து மணி. முகத்தை மூடிய மூன்று பேர் வந்து அவர் கடைக் கண்ணாடியைக் கட்டையால் அடித்து நொறுக்கினார்கள். நாம் என்ன செய்தோம்? நம் தெருவின் பழைய வழக்கப்படி ஷட்டரைப் பாதி இறக்கினோம். முழுதாக மூடினால் கோழை என்பார்கள். திறந்து வைத்தால் வம்பு வரும். ஆகவே பாதி. ஒருநாள் மின்சாரம் நின்றால் ஊர்வலம் போகிறோம். ஒருவன் கண்ணாடி உடைந்தால் உள்ளே போகிறோம். எங்கே போனது நம் சங்கம்? எங்கே போனது நம் சத்தம்?

கை தட்டாதீர்கள் ஐயா. அன்று நீண்டிருக்க வேண்டிய கை அது.

பாதி ஷட்டருக்குக் கீழே முகம் தெரியாது, கால்தான் தெரியும். முப்பது வருடமாகக் கால் பார்த்துப் பிழைக்கிறவன் நான். முகத்தை மூடத் தெரிந்தவர்களுக்குக் காலை மறைக்கத் தோன்றவில்லை. ஓடியவை ஆறு கால்கள். ஆறிலும் என் கடைச் சரக்கு. அதில் ஒரு ஜோடியில் இடது குதி மட்டும் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நானே மண்டியிட்டு மாட்டிவிட்ட கால். என் தங்கை மகனின் கால்.

மறுநாள் கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டே மருந்துக்கடைக்காரர் என்னைக் கேட்டார்: "எதிர்க்கடைல நீங்க இருந்தீங்களேண்ணே. யாருன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லப்பா" என்றேன்.

ஆமாம் அம்மா, தலையில் அடித்துக்கொள்ளுங்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. அந்த ஓணான் நான்தான்.

அடுத்த வாரமே அந்தப் பொய் என் தங்கை வீட்டுக் கதவைத் தட்டியது. போதைக்காக வலி மாத்திரையை விழுங்கிவிட்டுக் குளியலறையில் மயங்கிக் கிடந்த அவள் மகனைக் கதவை உடைத்துத் தூக்கினார்கள். மருத்துவமனையில் அவன் கண் விழித்ததும், அந்த மனிதன் கடையை ஏன் உடைத்தாய் என்று கேட்டேன்.

"அவரு ஒருத்தருதான் மாமா தரமாட்டேன்னாரு. மத்த எடத்துல எல்லாம் கேட்டதும் குடுத்துட்டாங்க."

கேட்டீர்களா? கொடுத்தவன் கடைக் கண்ணாடி முழுசாக மின்னுகிறது! கொடுக்காதவன் கண்ணாடி குப்பைக்குப் போனது! நம் பிள்ளைகளுக்குக் காவலாக வாய்த்த ஒற்றை ஆளை ஒண்டியாக விட்டுவிட்டு, இங்கே ஒலிபெருக்கி வைத்து ஒழுக்கம் பேசுகிறோம். கொடுத்தவர்கள் யார்? பேட்ஜ் குத்திய சட்டைகளிலேயே தேடுங்கள். தலைவர் மணியடிக்கிறார், அடிக்கட்டும், முடித்துவிடுகிறேன்.

நேற்று என் மருமகனை அழைத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினேன். காவல் நிலையத்திலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தங்கை என்னோடு பேசுவதில்லை. மருந்துக்கடைக்காரர் பையனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு என்னிடம், "இந்த வாரத்தோட கடைய மூடுறேண்ணே. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றார்.

மற்ற நான்கு கால்களும் யாருடையவை என்று எனக்குத் தெரியும். அப்பாக்கள் இருவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று பெயர் சொல்ல மாட்டேன். நாளைக் காலை பிள்ளையோடு வாருங்கள். மருத்துவரிடமும் வருகிறேன், காவல் நிலையத்துக்கும் வருகிறேன். வராவிட்டால் சொல்லிவிடுவேன். பிள்ளை பிழைத்த பிறகு என்னை வாயாரத் திட்டுங்கள்.

மற்றவர்களே, சீட்டில்லாமல் விற்கிறவன் படியை நம் வீட்டார் எவரும் மிதிக்கக் கூடாது. தினம் மாலை இரண்டு பேர் வாத்தியார் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இன்றைய நாற்காலி என்னுடையது. இன்னொன்று காலியாக இருக்கிறது.

என் கோபத்தைப் பொறுத்த தாய்மார்களுக்கும், மேடை தந்த சங்கத்துக்கும் நன்றி. சால்வையோடு வரும் தம்பி, அப்படியே நில்லப்பா. அந்த மனிதர் இந்த நேரத்தில் கடையில் தனியாக இருக்கிறார். நான் அங்கேதான் போகிறேன். வருகிறவர்கள் எழுந்திருங்கள். வணக்கம்.