கவுண்டரில் அப்பா சொன்ன பதில்

"பின்னால! பின்னால ஓடுங்கோ! மதில் ஏறுங்கோ!"

கத்தியது பக்கத்து வீட்டு டீச்சர். நான் ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. தோளில் கைப்பை மட்டும். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, கொழும்பு. முதலில் முன்கதவில் ஒரு கல் விழுந்தது. பிறகு கண்ணாடி நொறுங்கியது. பிறகு சிமெண்டுத் தரையில் தகர டின் உருளும் சத்தம். மண்ணெண்ணெய் டின். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் அடையாளம் தெரியும்.

என் கணவர் நேசன் மதில் மேல் உட்கார்ந்து என்னைத் தூக்குகிறார். எனக்கு ஐந்து மாதம். வயிறு மதிலில் உரசுகிறது. "பயப்படாதையும், கையைத் தாரும்" என்கிறார். வீடு எரியும் நேரத்திலும் மரியாதையாக 'தாரும்'. யாழ்ப்பாணத்துக்காரர். பெண்டாட்டியிடம் அப்படித்தான் பேசுவார்.

நான் பிலோமினா. பேராக்கில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். மலேசியக் குடிமகள். தாதி வேலை படிக்க 1977இல் கன்னியர் மடத்து உதவியோடு கொழும்பு போனேன். அங்கே நேசராசாவை, என் நேசனை, பார்த்தேன். கட்டிக்கொண்டேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

பள்ளிக்கூட முகாமில் பதினொரு நாள். ஒரே குழாய். வரிசை மதியம் வரை நீளும். வடக்கே போகிற கப்பலில் ஏறலாம், அம்மா இருக்கிறா என்றார் நேசன். நான் மாட்டேன் என்றேன். எங்கள் ஊருக்குப் போகலாம், அங்கே நம்மை எவனும் விரட்டமாட்டான் என்றேன். சொன்னது நான்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் மலேசியா வந்து இறங்கினோம். என் கடப்பிதழில் முத்திரை விழ அரை நிமிடம் ஆகவில்லை. அவரைத் தனியாக உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம். கடைசியில் ஒரு மாத வருகை பாஸ். கீழே ஒரு வரி: எந்த வேலையும் செய்யக் கூடாது.

அன்றிலிருந்து அலைச்சல். சில சமயம் ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் பாஸைப் புதுப்பிக்கப் பீடோரிலிருந்து பஸ் பிடித்து ஈப்போ. அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மரப் பெஞ்சு நான்கு. கவுண்டர் ஆறு. திறந்திருப்பது இரண்டு. படிவம் மூன்று பிரதி. படம் நீலப் பின்னணியில் வேண்டும் என்பார்கள். நீலத்தில் எடுத்துப் போனால் வெள்ளையில் வேண்டும் என்பார்கள். ஆள் தண்ணி குடிக்கப் போயிருக்கார், நாளைக்கு வா. நாளைக்குப் போனால் ஆள் மாறிப்போயிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேசன் என் முழங்கையைத் தொடுவார். வேண்டாம் என்று அர்த்தம்.

ஒரு அதிகாரி நல்லவிதமாகவே சொன்னார். ஆம்பிளை வெளிநாட்டுப் பெண்டாட்டியைக் கூட்டிவந்தால் வழி உண்டு. பொம்பிளை வெளிநாட்டுப் புருஷனைக் கூட்டிவந்தால் கஷ்டம். பொம்பிளை புருஷன் ஊருக்குத்தானே போக வேண்டும்? நான் சொன்னேன், புருஷன் ஊரில்தான் சார் வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் தலையாட்டினார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

நவம்பரில் மகள் பிறந்தாள். இங்கே பிறந்தவள். அவள் குடிமகள், நான் குடிமகள். வீட்டில் ஒருவர் மட்டும் வெளியாள்.

இருந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், அப்பா அம்மாவோடு. எனக்குப் பீடோரில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. தினமும் சைக்கிளில் போய்வந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுப்பவர்கள். நேசன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பழைய பேப்பர் படிப்பார். பிழை கண்டால் பென்சிலால் திருத்துவார். ஆரம்பத்தில் லயத்துப் பெண்களுக்கு அவர் பேச்சு வேடிக்கை. "ஐயோ, மாப்பிள்ள பேசுறது பாட்டு மாதிரி இருக்கு லா" என்பார்கள். சும்மாவாவது வந்து அவரைப் பேசவைப்பார்கள்.

பிறகு தொனி மாறியது. தோட்டத்தில் கை கால் உள்ளவன் பகலில் வாசலில் உட்கார்ந்திருக்கமாட்டான். உட்கார்ந்தால் அவனுக்கு நோய், அல்லது குடி. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அம்மாவின் காதுபடவே சொன்னாள்: "வீட்டோட மாப்பிள்ள. பொண்டாட்டி மிதிக்கிறா சைக்கிள, இவரு திங்கிறாரு சோறு." அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் நேசன் அம்மாவோடு ரப்பர்க் காட்டுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி. வாளி தூக்கினார். கோப்பையில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார். இது தோட்டத்து வழக்கம்தான். புருஷன், பிள்ளை, கொழுந்தன், யாராவது கைத்துணைக்குப் போவார்கள். பெயர்ப் புத்தகத்தில் வெட்டுகிறவர் பெயர் மட்டும் இருக்கும். துணைக்குப் போனவருக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் பேச்சில் அது வேலையும் இல்லை. ஆனால் குழாயடி வாய் அடைத்துவிட்டது. அப்பா நிமிர்ந்து நடந்தார். "நம்ம மாப்பிள்ளயா? கோழி கூவுறதுக்கு முந்தி எழும்பிருவாரு லா" என்று கள்ளுத் தவறணையில் நாலு பேருக்குக் கேட்கச் சொல்வார்.

பாஸில் இருந்த அந்த ஒரு வரியை நினைத்து எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போகாதீர்கள் என்றேன். "சும்மா இருந்து சாப்பிடச் சொல்லுறீரோ?" என்றார். நான் அவரிடம் கேட்ட ஒரே கோபக் குரல் அது. விட்டுவிட்டேன்.

1985 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை ஒரு வருட பாஸ் கிடைக்கலாம் என்றார்கள். அதற்கு உத்தரவாதம் கொடுப்பவர் நேரில் வர வேண்டும். அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, பாட்டா செருப்பு, தலையில் எண்ணெய். பஸ்ஸில் நானும் நேசனும் பதில்களை ஒத்திகை பார்த்தோம். எப்போது வந்தீர், எங்கே தங்குகிறீர், செலவு யார். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினொன்றே கால். மூன்றாம் கவுண்டர். மேலே விசிறி கிறீச் கிறீச் என்கிறது. அதிகாரி தாள்களைப் புரட்டுகிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர், தலையை நிமிர்த்தி அப்பாவிடம் மலாயில் கேட்கிறார். இந்த ஆளுக்கு யார் சோறு போடுவது?

நான் போடுகிறேன் என்று அப்பா சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பதில். அதிகாரிக்கு வேண்டியதும் அதுதான். உத்தரவாதம் என்றால் அதுதான்.

அப்பாவுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஊர் கேட்ட அதே கேள்வி. முகம் சிவந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்பா! பேசாதப்பா!" நான் கத்துகிறேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது.

"மாப்பிள்ள ராஜின், துவான்! ஹாரி-ஹாரி கெர்ஜா!" என்கிறார் அப்பா. மாப்பிள்ளை சுறுசுறுப்பானவர் ஐயா, தினம் தினம் வேலை செய்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. நேசனின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைக் கவுண்டர் மேல் வைத்துக் காட்டினார். காய்ப்பு. விரலிடுக்கில் ரப்பர்ப் பால் கறை.

அதிகாரி கையைப் பார்த்தார். முத்திரையைக் கீழே வைத்தார். இழுப்பறையிலிருந்து வேறொரு முத்திரையை எடுத்தார். டக். ஒரு சத்தம்தான்.

பதினான்கு நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

வாசலில் வைத்து அப்பாவைத் திட்டினேன். தெரிந்த வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவருக்குப் புரியவே இல்லை. "வேல செய்றாருன்னு சொன்னது தப்பா? சும்மா குந்தித் திங்கிறான்னு சொல்லியிருந்தா விட்டுருப்பானா? என்னா நாடு லா இது!" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நேசன்தான் அவர் தோளைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினார். "மாமா, நீங்கள் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

பதினான்கு நாள் ஓடினேன். பெயர்ப் புத்தகம் எழுதுகிற தோட்டத்துக் கிராணியிடம் போனேன். நேசன் பெயர் புத்தகத்தில் இல்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். வெளிநாட்டு ஆளைக் காட்டில் விட்டதாகத் தோட்டத்துக்கு வம்பு வரும், முடியாது என்றார் கிராணி. கட்சிக்காரரைப் பார்க்கப் போனேன். கோலா கங்சாரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வா. அடுத்த வாரம் என்று எனக்கு ஒன்று இல்லை ஐயா என்றேன். அங்கிருந்த பெண் எனக்குச் சிரப் தண்ணீர் கொடுத்தாள்.

மார்ச் 26. அவர் போனார். மகளுக்குப் பதினாறு மாதம். டாட்டா காட்டினாள்.

கொழும்பில் அவருக்கு யாரும் அறை கொடுக்கவில்லை. வடக்கே அம்மா வீட்டுக்குப் போனார். நான் பின்னால் வருகிறேன் என்றேன். பிள்ளையோடு வர வேண்டாம், இங்கே ஷெல் விழுகுது, நீர் அங்கேயே விண்ணப்பியும் என்று எழுதினார். விண்ணப்பித்தேன். ஐந்து தடவை. தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஆட்குறைப்பு. நாங்கள் ஈப்போவில் சிலிபின் பகுதிக்கு வந்து வாடகைக்கு இருந்தோம். கவுண்டர் பக்கத்தில்தான். காலையில் கவுண்டர், பிறகு வேலை.

1987 மே மாதம். அவர் தங்கை எழுதினாள். காலை எட்டு மணிக்கு விழுந்த ஷெல். ஓடுங்கோ என்று கத்தினாளாம். அவர் கிணற்றடியில் அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பழிவாங்குகிற மாதிரிதான் வாசித்தேன். மறைப்பதற்கில்லை. அதன் பிறகு வெளியாள் எவரிடமும் அப்பா வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. விண்ணப்பதாரரின் புதிய படம் இரண்டு அனுப்பவும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

கொழும்பில், கும்பலிடம் இழந்தவை: குடியிருந்த வீடு. தையல் மெஷின். என் தாதிச் சான்றிதழ். கல்யாணப் படம். அவர் சேர்த்த புத்தகங்கள், இரண்டு அலமாரி. ஆட்கள், ஒருவரும் இல்லை.

ஈப்போவில், மூன்றாம் கவுண்டரில் இழந்தவை: பொருள் எதுவும் இல்லை. ஆட்கள், ஒருவர். சவரிமுத்து நேசராசா, வயது முப்பத்தெட்டு.