கர்ப்பிணிக்குப் பொறுமை வேண்டாம்

அவைக்குத் தலைமையேற்று, என் உயிருக்கும் காவலேற்ற மருத்துவர் அம்மா அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வயிற்றில் ஓருயிரும் மனத்தில் ஓராயிரம் கேள்வியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, அவர்களை அழைத்துவந்துவிட்டுக் கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் கணவன்மார்களே, உங்கள் அனைவருக்கும் பிழைத்துவந்த ஒருத்தியின் வணக்கம்.

நான் தையல்காரி. பட்டறையில் என்னை வாயாடி என்பார்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள், திரும்ப வாங்குவது அவர்கள் சாமர்த்தியம்.

சென்ற ஆண்டு எனக்கு ஏழாம் மாதம். மோதிரம் கழலவில்லை, செருப்பு ஏறவில்லை, முகம் பொம்மென்று பூரித்தது. பார்த்தவர்கள் தாய்மைக் களை என்றார்கள். "மாசமா இருந்தா வீங்கத்தாம்மா செய்யும்" என்றார் மாமியார். கால் வீங்குவது சகஜம்தான். கையும் முகமும் திடுதிப்பென்று வீங்குவது சகஜமா? எடை கிடுகிடுவென ஏறுவது சகஜமா? கேட்கத் தோன்றவில்லை எனக்கு. பள்ளிச் சீருடைகள் மலையாய்க் குவிந்திருந்தன. பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். தலை பிளந்தது, தைலம் தேய்த்தேன். விலாவுக்குக் கீழே வலித்தது, வாயு என்று வெந்நீர் குடித்தேன்.

ஒரு மாலை வீட்டுக்காரரிடம், "ஏங்க, லைட்டு மினுக்கு மினுக்குன்னு இருக்கு" என்றேன். அவர் எலக்ட்ரீஷியன். உடனே ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். "நல்லாத்தானே எரியுது" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் அங்கே சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

அன்று சிரிக்காதவள் என் நாத்தனார். வாஷிங் மெஷினை யார் முதலில் போடுவது என்ற வழக்கில் எங்களுக்குள் பேச்சு அறுந்திருந்த நேரம். ஆனால் அவளுடைய அலுவலகத் தோழி இப்படித்தான் கண்ணுக்குள் வெளிச்சம் மினுங்குகிறது என்று சொல்லி, மறுநாள் குழந்தையைப் பறிகொடுத்தவள். நாத்தனார் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, செவுத்தைப் பாத்தாலும் மினுக்குதா?"

"ஆமா, அங்கயும்தான்."

"தலைவலி?"

"காலைலேர்ந்து. தூங்கினா சரியாயிடும்."

"தூங்கறதெல்லாம் ஆஸ்பத்திரியில. அண்ணா, ஸ்டூலை விட்டு இறங்கு. வண்டியைக் கூப்பிடு."

"நாளைக்குப் போலாமே" என்றேன்.

"நாளைக்கு வேணும்னா எங்கூடப் பேசாம இருங்க. இன்னிக்கு வண்டியில ஏறுங்க."

ஏறினேன். இல்லாவிட்டால் இந்த மேடையில் ஏறியிருப்பேனா?

இரத்த அழுத்தம் நூற்றெழுபது. சிறுநீரில் புரதம். "இதுக்குப் பேரு ப்ரீஎக்ளாம்ப்சியா, கர்ப்பத்துல வர்ற ரத்தக்கொதிப்பு. இன்னும் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கலாம்" என்றார் இதோ இருக்கும் மருத்துவர் அம்மா. வலிப்பைத் தடுக்க மருந்து ஏற்றினார்கள், அழுத்தத்தை இறக்கினார்கள், குறைமாதத்திலேயே குழந்தையை எடுத்தார்கள். சின்னஞ்சிறு உயிர். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் வீரிட்டு அழுதபோது என் நெஞ்சிலிருந்து பாரம் மொத்தமும் இறங்கியது. வாசலில் நாத்தனார் விம்மினாள்: "அண்ணி, மெஷினை நீங்களே முதல்ல போட்டுக்குங்க."

குழந்தை எங்கே என்று கேட்கிறீர்களா? முன்வரிசையில் அழைப்பிதழைத் தின்றுகொண்டிருக்கிறாளே, அவள்தான்.

தடுக்க முடியுமா என்கிறாள் அதோ நடுவரிசையில் இருக்கும் தங்கை. முழுக்கத் தடுக்கலாம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்தைக் குறைக்கலாம், ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். நாள் தள்ளிப்போனதுமே பரிசோதனைக்கு வாருங்கள். அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இது வந்த கதை, எதையும் மறைக்காதீர்கள். தேவைப்பட்டால் சிறிய அளவில் ஆஸ்பிரினும் கால்சியமும் மருத்துவரே தருவார். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். பிள்ளை பிறந்தபின்னும் சில வாரம் கவனம் வேண்டும்.

பொறுமைசாலிகள் என்று நம்மைப் புகழ்கிறார்கள். இந்த நோய் வளர்வதே அந்தப் பொறுமையில்தான். தலை வலித்தால் பொறுக்காதீர்கள். பார்வை மங்கினால் பொறுக்காதீர்கள். மேல்வயிறு வலித்தால் பொறுக்காதீர்கள். வேலை காத்திருக்கும், வீடு காத்திருக்கும், வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையால் காத்திருக்க முடியுமா?

அழைத்தவர்களுக்கும், அயராமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. அடுத்த ஆண்டு ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் ஏந்தி வாருங்கள். அவர்கள் போடும் கூச்சலில் இங்கே பேசுகிற எவர் பேச்சும் எவர் காதிலும் விழாமல் போகட்டும். வணக்கம்.