முடிச்சுப் போடும் நேரம்

சேவல் இறகு வாங்கும்போது பலரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். விறைப்பைத்தான் பார்க்க வேண்டும். தூண்டில் முள்ளில் சுற்றினால் இழைகள் சக்கரம் போல விரிந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பொய்ப் பூச்சி தண்ணீர் மேல் மிதக்கும், மீனும் நம்பி மேலே வரும்.

தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், நன்றி சார். புனேயில் என்னோடு தமிழ் பேச அமல்ராஜ் ஒருவன்தான் இருந்தான். ஹிஞ்சேவாடியில் இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே கேப். அவன் மனைவி ராஜி கோயம்புத்தூரில் டீச்சர். எனக்கு யாருமில்லை.

நான்கு வருடங்களாக ஞாயிறு காலையில் கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் ஆள் வராத ஒரு கரைக்குப் போவோம். நான் கரையில் உட்கார்ந்து பூச்சி கட்டுவேன். அவன் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, லாரி டியூபில் மிதந்து, உள்ளே போய்த் தூண்டில் வீசுவான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

போன மாதம் கேப்பில் வரும்போது சொன்னான்.

"கோயம்புத்தூர்லயே வேலை கெடச்சிருச்சுடா. ராஜி எப்ப வர்றீங்கன்னு அரிச்சுக்கிட்டே இருக்கா. வர்ற ஞாயித்துக்கிழமைதான் நம்ம கடைசி மீன்பிடி."

நல்லது என்றேன். நான் என்ன செய்வேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிறு டியூபுக்குக் காற்றடித்தவன் நான். வால்வைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். கரையில் தெரியாது, பத்து நிமிடத்தில் தெரியும். லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, மறந்துவிட்டேன் என்றேன்.

"பரவால்ல விடு. ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்" என்று சிரித்தான்.

அவன் கூப்பிட்டபோது என் கையில் நூல் இருந்தது. முடிச்சுப் போடாமல் விட்டால் சுற்றிய இறகெல்லாம் பிரிந்துவிடும். "சூரி, கயித்தப் போடுடா" என்றான். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. முடிச்சைப் போட்டேன். மிச்ச நூலை வெட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது தண்ணீர் அமைதியாக இருந்தது.

ராஜி வந்தாள். இரண்டு நாள் என் வீட்டில்தான் தங்கினாள். "கடைசியா என்னண்ணா பேசினார்?" என்று கேட்டாள். "உன்னப் பத்திதாம்மா" என்றேன். அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். வீட்டில் இன்னொருவர் நடமாடும் சத்தம் நன்றாக இருந்தது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவனைக் கூப்பிட்டது அவள்தானே.

நீங்களும் நான்கைந்து முறை வந்து விசாரித்தீர்கள். பிறகு விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அதற்கப்புறம் என் வீட்டு மணியை யாரும் அடிக்கவில்லை. பதினெட்டு நாள் பார்த்துவிட்டு நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவனைக் கொன்றது நான்தான். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள் சார், எனக்கு அவசரமில்லை.