காத்து உறைச்சிச்சு

ஸியாத்: ...ஒக்டோபஸ் ஒண்டு வாங்கப் போறன் எண்டுதானே சொன்னன்? அதுக்கு மாமி ஏன் தேங்கா திருவுறா?

நஸ்லா: கணவாய்க் கறி எண்டு நெனச்சிருப்பாவாக்கும்.

ஸியாத்: சிரிக்காத நஸ்லா. புருசன் கடலுக்கடியில முங்கிக் கடலட்டை புடிக்கிறவன், அவன் மூச்சு விடுற சாமான் அது எண்டு உம்மாக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?

நஸ்லா: முதல்ல எனக்குச் சொல்லுங்க.

ஸியாத்: முதுகில டாங்கி. அதுல ஒரு பைப், வாயில கவ்வுறது. அதே டாங்கில இன்னொண்டு, நீளமா, மஞ்சளா... ஸ்பெயார். அதுதான் ஒக்டோபஸ்.

நஸ்லா: டாங்கில காத்து முடிஞ்சா?

ஸியாத்: ரெண்டுலயும் முடியும்.

நஸ்லா: நல்ல சாமான்! கடையில முஸம்மில் நானா சின்னப் போத்தல் ஒண்டு காட்டினாராமே, விலாவுல கட்டுறது. அதுக்குள்ள வேற காத்து. அத எடுங்க.

ஸியாத்: அது எனக்கு மட்டும்தான் புள்ள.

நஸ்லா: உங்களுக்குத்தானே வேணும்!

ஸியாத்: ஒக்டோபஸ் எண்டா கூட வாறவனுக்கு. றஊப்ட காத்து முடிஞ்சா நான் நீட்டலாம்.

நஸ்லா: உங்கட முடிஞ்சா?

ஸியாத்: றஊப் நீட்டுவான்.

நஸ்லா: நல்லாக் கண்ட மாதிரி...

ஸியாத்: இல்ல... அப்பிடி ஆக்கள் இருக்காங்க. தலவிலப் பக்கம் ஒருத்தன். பேர் தெரியாது.

நஸ்லா: ம்.

ஸியாத்: அட்டைக்குப் பின்னால போனவன் காத்து எவ்வளவு மிச்சம் எண்டு காட்டுற கேஜைப் பாக்கல்ல. பத்துப் பாகம் ஆழம். இழுக்கிறான்... காத்து வரல்ல.

நஸ்லா: யா அல்லாஹ்.

ஸியாத்: கூடப் போனவன்ட்ட ஸ்பெயார் இல்ல. தன்ட வாயில இருந்ததையே கழட்டினான். ரெண்டு இழுவை இவனுக்கு, ரெண்டு அவனுக்கு. பெல்ட்டைப் புடிச்சிக்கிட்டு, அவசரமே இல்லாம... இடையில சிரிச்சான் நஸ்லா! தன்ட உயிரைக் கழட்டித் தந்துட்டு, கண்ணைப் பாத்துச் சிரிச்சான்!

நஸ்லா: தந்துட்டா?

ஸியாத்: குடுத்துட்டு... குடுத்துட்டு.

நஸ்லா: ம். பொறகு?

ஸியாத்: மேல வந்தோண்ண என்ன சொன்னான் தெரியுமா? "மச்சான், காலைல மாசிச்சம்பலா திண்ட? காத்தே உறைச்சிச்சு!"

நஸ்லா: அந்த மாசிச்சம்பல் நான் இடிச்சது.

ஸியாத்: ...எப்பத் தெரியும்?

நஸ்லா: அண்டைக்கு அஸர் தொழுகைக்கே. றஊப் நானாட பொஞ்சாதி ஹஃபீலா ஓடி வந்து சொன்னா. தண்ணிக்குள்ள சிரிச்ச மனுசன் வூட்ட வந்துதான் நடுங்கினாராம். ஒரு கிழமையா உங்கட வாயைப் பாத்துக்கிட்டு இருக்கன், நீங்களாச் சொல்லுவீங்க எண்டு.

ஸியாத்: இனி நீ கடலுக்கு விடமாட்டாய் எண்டு பயந்துட்டன்...

நஸ்லா: போத்தல் வேணாம். ஒக்டோபஸ் ரெண்டா எடுங்க. ஒண்டு றஊப் நானாட டாங்கில பூட்டணும். இனி அவர் தன்ட வாயில இருந்து கழட்டக்கூடாது.

ஸியாத்: ...ஓம். ரெண்டு. மாமிட்டச் சொல்லு, தேங்கா வீணாப் போகும்.

நஸ்லா: உம்மா கணவாய்க்கா திருவுறா? மருமகனுக்கு மூச்சுத் தந்தவருக்குத் தன்ட கையால ஆக்கணுமாம், ஸுபஹ் தொழுததுல இருந்து அடுப்படியிலதான் நிக்கிறா. பகல் சாப்பாட்டுக்கு றஊப் நானா குடும்பம் நம்மட வூட்டுல... மாசிச்சம்பல் மட்டும் வேணாமாம், சொல்லி அனுப்பியிருக்கார்.