மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், வக்கீல் சார். எலுமிச்சை கேக். சர்க்கரையைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

என் பெயர் மார்லிஸ் ஹெக்டால். இந்தக் கல்லூரியின் பதிவேட்டு ஜன்னலில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சின்னக் கல்லூரி, ஆறு மாசம் பனி. முதல் வருஷம் முடிகிற சமயத்தில் கொஞ்சம் பேருக்குப் பெரிய பல்கலைக்கழகம் கண்ணில் படும். இக்கரைக்கு அக்கரை பச்சை. அங்கே மாறிப்போக மார்ச்சில் விண்ணப்பம் போட்டுவிட்டு, மே வரை நகத்தைக் கடித்துக்கொண்டு திரிவார்கள்.

அந்த விண்ணப்பத்தோடு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் தனியாகப் போகும். அதை நிரப்புவது நான். மாணவர் கண்ணில் அது படாது. முதல் கட்டத்தில் மதிப்பெண், இரண்டாவதில் வருகை. மூன்றாவதில், இவர்மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டா, இல்லையா. ஆயிரக்கணக்கான பேரில் முப்பது பேரை எடுக்கிற இடத்தில், 'உண்டு' என்று டிக் இருந்தால் ஏன் என்று போன் போட்டுக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

முதல் தடவை அது கைத்தவறுதான். என் கணவர் ஆர்லோவை அடக்கம் செய்த மறுவாரம். கண் வீங்கிப் போயிருந்தது, டிக் இடம் மாறி விழுந்துவிட்டது. மே மாதம் அந்தப் பையன் டோபியாஸ், எல்லா இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள் என்று என் ஜன்னலில் நின்று அழுதான். அப்போதுதான் நகலை எடுத்துப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். மூன்று வருஷம் தினமும் வந்தான். பட்டம் வாங்கின அன்றைக்கு, "நீங்க இல்லேன்னா நான் படிப்பையே விட்டிருப்பேன், மார்லிஸ்" என்று கட்டிக்கொண்டான். என் சொந்த மகன் சியாட்டிலிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான், அதுவும் காரில் போய்க்கொண்டே.

அதற்கப்புறம் கைத்தவறு எதுவும் நடக்கவில்லை. எல்லாருக்கும் செய்தேன் என்று நினைக்காதீர்கள். ஜன்னலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் போகிறவர்களை நல்லபடியாகவே அனுப்பிவைத்தேன். அவர்கள் எங்கே போனால் எனக்கென்ன.

ரெனாட்டா கூபிக் அப்படிப்பட்டவள் இல்லை. வான்கோழிப் பண்ணைக்காரர் மகள். அவளுக்கு வானத்து நட்சத்திரங்களைப் படிக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம். எங்களிடம் அந்தப் படிப்பே கிடையாது. உபகாரச் சம்பளத்தில் வந்து, எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கினாள். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு என் ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்காருவாள்.

"சாப்பாட்டுக் கூடத்துல அத்தனை பேர் இருக்காங்க. நீ என்ன கண்ணு, இங்க வந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடறே?" என்றேன் ஒரு நாள்.

"அவங்க நாலு வருஷம் இருக்கப்போறவங்க. நான் மே மாசம் கிளம்பறேன். ரயில்ல பக்கத்து சீட்டுக்காரங்களோட யாராவது சம்பந்தம் பேசுவாங்களா?"

"அப்ப நான் யாராம்?"

"நீங்கதான் டிக்கெட் கவுன்டர். உங்களை விட்டா எனக்கு ஏது கதி?" என்று சிரித்தாள்.

எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அதை ஆர்லோவின் நாற்காலியிடம் சொன்னேன். மறுநாள் காலை அவள் படிவத்தை நிரப்பினேன்.

மே மாதம் பதில் வந்தது, இடம் இல்லை என்று. ரெனாட்டா அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எங்க தப்பு பண்ணினேன்னே தெரியலை, மார்லிஸ்." நான் கேக் கொடுத்தேன். காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எப்போதும் அப்படித்தான், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள்.

அதோடு நின்றிருந்தால் நானும் அவளும் மூன்று வருஷம் நன்றாக இருந்திருப்போம். அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகத்து யாரோ ஒரு நல்ல மனுஷி அவளுக்கு எழுதினாள்: உங்கள்மீதான ஒழுங்கு நடவடிக்கையை விளக்கி மறுபடி விண்ணப்பியுங்கள் என்று.

"எம்மேல என்ன நடவடிக்கை? நான் லைப்ரரி புத்தகத்தைக்கூட லேட்டா குடுத்ததில்லையே," என்றாள்.

"இரு கண்ணு, பார்த்துச் சொல்றேன்."

அவள் வகுப்புக்குப் போனதும் ஒரு கோப்பு தயார் செய்தேன். தேர்வில் காப்பி அடித்ததாக. அந்தக் கோடையில் இறந்துபோன டீனின் கையெழுத்தைப் போட்டேன், அவரிடம் யாரும் போய்க் கேட்க முடியாதே. ஒரு டிக்கை மறைக்க ஒரு கோப்பு. ரெனாட்டா கல்லூரி ஒழுங்குக் குழுவிடம் முறையிட்டாள். குழு கோப்பைத் திறந்தது. காகிதம் சொன்னதை நம்பினார்கள், உபகாரச் சம்பளத்தை நிறுத்தினார்கள்.

டிசம்பரில் அவள் அப்பா லாரியோடு வந்தார். ஒரு பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். "இங்க நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பினீங்க," என்றாள். இப்போது ஊரில் வான்கோழி வெட்டுகிற ஆலையில் நிற்கிறாளாம். இரண்டு வருஷத்தில் நான் ஐந்து கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. அவளைப் போகச் சொன்னது நானில்லையே.

ஏன் திருத்தவில்லை என்று கேட்கிறீர்கள். திருத்தினால் கிழக்கே அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவளை யாருக்குத் தெரியும்? தனியாகச் சாப்பிடுவாள்.

விசாரணைக்காகப் பழைய படிவங்களை வரவழைத்து ஒன்பது பேர் என்று எண்ணியிருக்கிறீர்கள். பதினொன்று. பெயர்களை எழுதித் தருகிறேன், எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அவர்களுடைய பிறந்தநாள் உள்பட. பதினொன்றும் நான் தெரிந்தேதான் செய்தேன், டோபியாஸைச் சேர்க்காமல். கோப்பும் கையெழுத்தும் என்னுடையவை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

வெளியே அந்தப் பெஞ்சில் ரெனாட்டா உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்கிறீர்கள். இருக்கட்டும். அந்தக் கேக்கில் ஒரு துண்டை மட்டும் காகிதத்தில் சுற்றி அவளுக்குக் கொடுங்கள், சார்.

எப்படியோ, திரும்பி வந்துவிட்டாள் பாருங்கள்.