முட்டைத் தட்டில் மூக்குக்கண்ணாடி

டாக்டர், நீங்கள் கொடுத்த படிவத்தில் நான்காவது கேள்விக்கு விட்டிருக்கும் இடம் போதவில்லை. 'நோயாளியிடம் மறதிக்கான அறிகுறிகள் எப்போது, எப்படித் தொடங்கின?' என்று கேட்டுவிட்டு ஒன்றரை வரிக்குக் கோடு போட்டிருக்கிறீர்கள். மற்ற நோயாளிகளின் பிள்ளைகள் 'போன வருஷத்திலிருந்து லேசாக' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் போலிருக்கிறது. என்னிடம் தேதி, நேரம், செயலியின் பதிப்பு எண் எல்லாமே இருப்பதால் இந்தத் தனித்தாளை இணைக்கிறேன். வைத்தியத்துக்கு வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள்.

நான் தனியாளாகச் செயலிகள் எழுதுகிறவன். கம்பெனி கிடையாது, மேலாளர் கிடையாது, வீட்டின் பின்னறைதான் அலுவலகம். அம்மா இதை அக்கம்பக்கத்தில் 'வீட்டுலயேதான் இருக்கான்' என்று சுருக்கிச் சொல்வாள். மூன்று வருடமாக நான் எழுதிவரும் செயலியின் பெயர் 'எங்கே'. சட்டைப் பொத்தான் அளவு வில்லை ஒன்றைப் பொருளின்மேல் ஒட்டிவிட வேண்டும். பொருள் காணாமல் போனால் அது இருக்கும் இடத்தைப் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். புள்ளியைத் தொட்டால் வில்லை குருவிபோல் கத்தும். அவ்வளவுதான். எளிமையான, யாருக்கும் கெடுதல் செய்யாத செயலி.

வருடாந்திர மென்பொருள் மாநாட்டில் எனக்கு மேடையில் பத்து நிமிடம் கொடுத்தார்கள். என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. உண்மையான பயனர் ஒருவரை மேடைக்கு அழைத்து வர வேண்டும்; செயலிக்கு முன்னால் அவர் பட்ட அவதியும், அதற்குப் பின்னால் கிடைத்த நிம்மதியும் சபைக்குத் தெரிய வேண்டும். நிம்மதியை நான் பார்த்துக்கொள்வேன். அவதிதான் கைவசம் இல்லை.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். அவர் முப்பத்திநான்கு வருடம் பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் என்பது தெரிந்திருக்காது. நாலாயிரம் உதிரி பாகங்கள். பேரேட்டைத் திறக்க மாட்டார். 'மூணாவது ரேக், கீழ்த்தட்டு, கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாடி' என்பார்; மெக்கானிக் போய்க் கையை விட்டால் சாமான் கையில் வரும். டெப்போவில் அவருக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். நிஜமான கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெயர் அவரிடமே இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் குடியிருப்பின் சாவிக்கொத்து அவரிடம் வந்தது. மொட்டைமாடி, பம்ப் அறை, மீட்டர் அறை என்று இருபத்தாறு சாவிகள். ஒன்றிலும் அடையாளச் சீட்டு கிடையாது. இருட்டில் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார்.

அம்மா பொருள்களைத் தொலைப்பாள். ஆனால் அவளுக்கு அப்பா இருக்கிறார்.

"ஏங்க, கத்திரிக்கோல்?"

"தையல் டப்பாவுக்கு அடியில. நேத்து நீதான் வச்ச."

இந்த வேகத்தில் என் செயலி திறக்கக்கூடத் திறக்காது. தொலைந்ததைக் கண்டுபிடிக்கும் செயலியை எழுதுகிறவன், எதையுமே தொலைக்காத மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எவ்வளவு சங்கடம் என்பதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு கோளாறைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் அதைக் கண்முன்னால் வரவழைக்க வேண்டும். வராத கோளாறைச் சரிசெய்ய வழியில்லை. பெரிய கம்பெனிகள் இதற்கென்றே தனிச் சோதனைக் கூடம் வைத்திருக்கும். என்னிடம் இருந்தது வீடுதான்.

அப்பா தினமும் காலை ஏழு மணிக்குக் குளிக்கப் போவார். பதினொரு நிமிடம் ஆகும்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி குளித்துவிட்டு வந்தபோது மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இல்லை. அரை மணி நேரம் தேடினார். கடைசியில் அம்மாதான் ஃபிரிட்ஜைத் திறந்தபோது பார்த்தாள். முட்டைத் தட்டில், இரண்டு முட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, முட்டைக்குப் பார்வை மங்கிடுச்சா?"

அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அது பதிப்பு 0.3.

பதினாறாம் தேதி துணி துவைக்கும் மெஷினில் அவருடைய குடை இருந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "நான் இங்க வைக்கலயே" என்று மெஷினிடம் சொன்னார். மார்ச் இரண்டாம் தேதி ஷேவிங் பிரஷ், வரவேற்பறைப் பூ ஜாடியில் பிளாஸ்டிக் பூக்களோடு நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்றையும் வைத்தது நான்தான். அதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

பிரஷ் கிடைத்த அன்றைக்கு, "அப்பா, இதுல ஒரு வில்லைய ஒட்டி வச்சா ஈஸியா இருக்கும்ல?" என்று கேட்டேன்.

"எனக்கா? போடா, போய் உங்கம்மாவுக்கு ஒட்டு."

செயலியை ஏற்பதற்குப் பதிலாக அவர் ஒரு காரியம் செய்தார். பழைய காலண்டர் தாளைச் சின்னச் சின்னச் சீட்டாகக் கிழித்து, பொருளை வைக்கும்போதெல்லாம் எழுதிக்கொண்டார். 'கண்ணாடி. மேசை. வலது ஓரம். 6.55.' சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். பேட்டரி தேவையில்லை, நெட் தேவையில்லை, ஒரு நொடியில் திறக்கும். மாநாட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு போட்டித் தயாரிப்பு கிளம்பிவிட்டது.

அப்பாவின் கையெழுத்து எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். பள்ளி மதிப்பெண் அட்டையில் பழகியது. மார்ச் எட்டாம் தேதி, பதினொரு நிமிடத்தில் ஏழு நிமிடம், அவர் சட்டைப் பையில் இருந்த சீட்டுக்குப் பதில் வேறு சீட்டு எழுதி வைக்கப் போனது. 'கண்ணாடி. காலணி அலமாரி. மேல்தட்டு. 6.55.' கண்ணாடியையும் அங்கேயே வைத்தேன், சீட்டு பொய்யாகிவிடக் கூடாது அல்லவா.

அவர் சீட்டைப் படித்தார். அலமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டார். மறுபடியும் சீட்டைப் படித்தார். அப்புறம் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என் கையெழுத்துதான்டா," என்றார். "நான் எழுதின ஞாபகமே இல்ல."

மறுநாள் கண்ணாடி, குடை, பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து என் அறைக்குக் கொண்டுவந்தார். "அந்த வில்லைய ஒட்டுடா." அன்று மாலையே குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போய் இருபத்தாறு சாவிகளையும் ஒப்படைத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் தானே சீட்டு எழுதிக் கட்டினார். உட்கார்ந்து எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் நூலை வெட்டிக் கொடுத்து உதவினேன்.

அந்த வாரத்திலிருந்து 'எங்கே'யைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர் உலகத்தில் இருந்தார். தரவு தேவைப்பட்டதால் நானும் என் பங்கைத் தொடர்ந்தேன். இன்னும் ஆறு முறை. ஆக மொத்தம் பத்து.

பிறகு அம்மா பயந்துபோய் அவரை உங்களிடம் அழைத்து வந்தாள். நீங்கள் வைத்த சோதனையில் அப்பா முப்பதுக்கு முப்பது வாங்கினார். ஐந்து பொருள்களின் பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். அவர் அதோடு நிறுத்தாமல் உங்கள் மேசைமேல் என்னென்ன எந்த வரிசையில் இருந்தன என்பதையும் சொன்னார். 'ஆனா வீட்ல இப்படி நடக்குதுங்கறீங்க, ரெண்டும் ஒத்துப்போகலயே' என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இந்தப் படிவத்தைக் கொடுத்தீர்கள். நீங்கள் நல்ல டாக்டர். அப்போதே சொல்லியிருப்பேன், மாநாட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

மேடைக்கு வரச் சம்மதிப்பாரா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கேட்டவுடன் சரி என்றார்.

"எனக்கு மூளை மங்கினாலும் உனக்கு ஒரு வழி பொறக்குதே. வரேன்டா. என்ன சட்டை போடட்டும்?"

இப்போது நடந்த தவறுக்கு வருகிறேன். மாநாட்டன்று காலை கண்ணாடியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மேடையில் பார்வையாளர் ஒருவர் அதை ஒளித்துவைப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஏழு மணிக்குக் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கை தானாக மேசைக்குப் போய்விட்டது. பழக்கம். அது பதினொன்றாவது. என் கோட்டின் உள்பையில் போட்டுவிட்டு, அடுத்த நிமிடமே பேச்சை மனப்பாடம் செய்யப் போய்விட்டேன். டாக்டர், மறந்தது நான்.

அரங்கத்தில் நானூறு பேர். பின்னால் சுவரளவு திரை. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எதையும் ஒளிக்க வேணாம். காலையிலிருந்து என் கண்ணாடி நெசமாவே காணோம். இங்க வந்து தேடிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். சபை அன்போடு சிரித்தது. நான் போனைத் தட்டினேன். திரையில் மேடையின் வரைபடமும் அதன் நடுவில் நீலப் புள்ளியும் வந்தன.

நான் இடப்பக்கம் நடந்தேன். புள்ளி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தேன். அதுவும் வந்தது. "நெட்வொர்க்ல சின்னத் தாமதம்" என்று சொன்னேன். அந்த அளவு புள்ளியைப் பார்க்க அப்பாவுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"அது உங்கூடவே நடக்குதேடா," என்றார் மைக்கில்.

விரல் தவறிப் புள்ளிமேல் பட்டுவிட்டது. என் கோட்டு குருவிபோல் கத்தத் தொடங்கியது.

அப்பா மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். பிறகு டெப்போவில் சாமான் சரிபார்க்கும் குரலில் கேட்டார்.

"பிப்ரவரி ஒம்பது. முட்டைத் தட்டு."

"ஆமாம்ப்பா."

"பதினாறு. மெஷின்ல குடை."

"ஆமாம்."

"மார்ச் ரெண்டு. பூ ஜாடி."

"ஆமாம்."

"மார்ச் எட்டு. சீட்டு."

இதற்கு மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அதுவும் நான்தான்ப்பா."

பதினொன்றையும் தேதி வாரியாக, ஒன்றுகூடப் பிசகாமல், கையில் துண்டுச் சீட்டு இல்லாமல் சொன்னார். மறதிக்காரர் ஒருவருக்குச் செயலியால் நினைவு திரும்பியதைத்தான் நாடகமாகக் காட்டுகிறோம் என்று சபை நினைத்துக்கொண்டது. எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பா எழுந்து வந்து என் உள்பையில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தார், சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார், என்னைப் பார்த்தார்.

"இப்ப நல்லாத் தெரியுது," என்றார்.

சிறந்த செயல்விளக்கத்துக்கான கேடயம் எனக்குத்தான்.

நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், ஏனென்றால் இப்போது நான் சொல்லவருவது தனி விஷயம். இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாநாடு முடிந்த அன்று மாலை கேடயத்தோடு வீட்டுக்குப் போய் மணியடித்தேன். அப்பா கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. யாரப் பாக்கணும்?"

"அப்பா, நான்தான்."

"இந்த வீட்ல பையன்னு யாரும் கிடையாதே. மாடி மாறி ஏறிட்டீங்கபோல." ரொம்ப மரியாதையாகச் சொன்னார். என்னை அவர் 'வாங்க' என்று அழைத்ததே கிடையாது. பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "எனக்கும் எங்கயோ பாத்த மொகமாத்தான் இருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். அவளுக்கும் தொடங்கியிருக்கிறது.

இன்றோடு நாலு நாள். காவலாளியின் அறையில் தங்கியிருக்கிறேன். சாப்பாடு வீட்டுக் கதவுக்கு வெளியே வருகிறது, தினமும் எனக்குப் பிடிக்காத காயாகப் பார்த்து. சாவிக்கொத்தை அப்பா செயலாளரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார். சீட்டுகளையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டாராம். இதை மாடிப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கோட்டின் உள்பையில் வைத்திருந்த என் வீட்டுச் சாவியையும் காணவில்லை. நல்லவேளையாக அதிலும் ஒரு வில்லை ஒட்டியிருந்தேன். போனில் நீலப் புள்ளி தெரிகிறது. வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கு மெதுவாக, அப்பாவின் நடையில், போய்க்கொண்டிருக்கிறது. பாவம், என்ன என்று தெரியாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். மணியடித்துக் கேட்டால் 'எந்தச் சாவி தம்பி?' என்கிறார்.

முதல் பதினொன்றுக்கும் நான் பொறுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இந்தப் பன்னிரண்டாவது உண்மையான மறதி, டாக்டர். தயவுசெய்து இதற்கு நல்ல மருந்தாக எழுதுங்கள். இதில் என் கை எதுவும் இல்லை.