லிஃப்ட் நின்ற காட்சி

எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளைக்கு அப்புறம் நான் தூங்கிவிடுவேன், சார். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவனுக்கு ஏசி காற்று பட்டால் அப்படித்தான்.

கீழ ராஜ வீதியில் எங்கள் ஜவுளிக்கடை. மூன்று மாடி கடை, அதற்கு மேலே வீடு, பழைய லிஃப்ட் ஒன்று. வந்த ஆளைப் படி இறங்க விடக்கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுப்போம், ஃபேனைத் திருப்பிவிடுவோம், பேசிக்கொண்டே இருப்போம். உட்கார்ந்தவர் யாரும் புடவை எடுக்காமல் எழுந்ததில்லை.

என் மனைவி பிரகதீஸ்வரிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போவேன் என்றாள். நான் மறுக்கவில்லை, முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் பேரம் முறிந்துவிடும். சென்னையைக் கிழிகிழியென்று கிழிக்கும் காதல் படம் ஒன்று ஓடுவதாகச் சொன்னார்கள். பார்த்தால் மனசு மாறும் என்று கூட்டிப்போனேன்.

தீப்பெட்டி அளவு வீடு, பால்கனிக்குத் தனி வாடகை. பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளைக்குச் சிக்னலிலேயே தாடி வளர்ந்துவிடுகிறது. கதாநாயகிக்கு நின்று பேச நேரமில்லை. அதனால் அவள் ஏறிய லிஃப்ட்டைக் கதாநாயகன் பாதியில் நிறுத்திவிட்டு, வெளியே உட்கார்ந்து காதலைச் சொல்கிறான். தியேட்டரே சிரித்தது. இவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை மனசில் வைத்துக்கொண்டேன். அப்புறம் இடைவேளை.

கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். வெளியே வரும்போது சென்னையைப் பற்றிக் கேட்டேன்.

"இடிபட்டாலும் பரவால்லங்க, நானும் அங்கிட்டுப் போயி ஒருதடவ இடிபட்டுப் பாக்குறேன்" என்றாள்.

தீபாவளி முடிந்து கடைக்கு மூன்று நாள் லீவு. ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். முதல் நாள் மத்தியானம் பெட்டியோடு லிஃப்ட்டில் ஏறினாள். இரண்டு மாடிக்கு நடுவில் வரும்போது மெயின் சுவிட்சை இறக்கினேன். லிஃப்ட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது, மெயின் போனால் ஃபேனும் ஓடாது.

"வெளையாடாதீங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

சாயங்காலம், "நான் எங்கிட்டும் போகல, தெறங்க" என்றாள். எதிராளி சொன்ன முதல் விலைக்குத் தலையாட்டுகிற வியாபாரி உண்டா, சார்? அவசரத்துக்குச் சொன்ன வார்த்தை நிற்காது. மனசார வரட்டும் என்று இருந்தேன்.

கலர் வாங்கி வந்தேன். பாட்டில் கதவிடுக்கில் நுழையவில்லை. வீணாகுமே என்று நானே குடித்தேன்.

மறுநாள் கதவைத் தட்டினாள், வைதாள். பிறகு தண்ணீர் மட்டும் கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன்.

உங்கள் ஸ்டேஷன் ஏட்டம்மா இப்போதுதான் அந்தப் படத்தின் மீதிக் கதையைச் சொன்னார்கள்.

"லிஃப்ட்ட விட்டு வந்ததும் அந்தப் பொண்ணு அவன் கன்னத்துல ஒண்ணு வச்சுட்டுப் போயிருதுங்க. அதுக்குத்தான் கை தட்டுனாங்க."

இருக்கலாம். நான் பார்க்கவில்லை. பிரகதீஸ்வரி அப்படிக் கைநீட்டுகிறவள் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் உள்ளே சத்தம் நின்றது. பேரத்தில் எதிராளி பேச்சை நிறுத்தினால் படிந்துவிட்டது என்று பொருள். மெயினைப் போட்டு லிஃப்ட்டை மேலே ஏற்றினேன். பெட்டிமேல் தலை சாய்ந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. நான்தான் செய்தேன், மறைக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, புடவைகளைப் பழையபடி பீரோவில் அடுக்கிவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அவளுக்கும் போக மனசில்லை, சார். கடைசிவரை படி இறங்கவில்லை, பாருங்கள்.